மிஷின் அடித்த மாதிரி

விரல் தட்டுவது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள் சார், நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்தப் பார்க்கிறேன். மாரிக்குப்பத்தில் ஏறியதிலிருந்து இந்த ஜன்னல் கம்பியில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டு வருகிறேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். சின்னப் பிள்ளைகூடத் தட்டும். பங்காருபேட்டையில் நீங்கள் ஏறி உட்கார்ந்தபோது சரியாகத்தான் இருந்தது. பிறகு எங்கேயோ ஐந்து, ஆறு, ஏழு என்று போய்விட்டது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களே, அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கே.ஆர்.புரத்தில் இறங்க வேண்டும். அதற்குள் இந்தக் கை நாலுக்கு வந்தாக வேண்டும். ஒரு மனிதனுடைய பேச்சு அதில்தான் இருக்கிறதாம். நான் சொல்லவில்லை. அவன் மனைவி சொல்கிறாள்.

காதில் இருக்கும் இயர்போனை நீங்கள் கழற்ற வேண்டாம். ஒரு காது போதும் எனக்கு.

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். எபிநேசர். தங்கவயலில் என் வயதுக்காரர்களைக் கேட்டால் லாஸ்ட் கேஜ் எபி என்பார்கள். லாஸ்ட் கேஜ் எங்கள் பேண்டின் பெயர். ஷிப்ட் முடிந்த ஆட்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவரும் இரும்புக் கூண்டுதான் கேஜ். கடைசிக் கூண்டு வந்துவிட்டால் கீழே யாரும் இல்லை என்று அர்த்தம். பெயர் நான் வைத்தது.

பாடுகிறவன் செல்வின். கீபோர்டு கஜேந்திரன். கிடாருக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள், அவர்களை விடுங்கள். செல்வினும் நானும் ஒரே ஷாஃப்டில், கூண்டு இறங்குகிற ஒரே குழியில், வேலை பார்த்தோம். அவன் கீழே கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பெல் அடிப்பவன். நான் மேலே, கூண்டை இழுக்கிற என்ஜினில். அவனை நான் பார்க்க முடியாது, என்னை அவன் பார்க்க முடியாது. அவன் பெல்லைக் கேட்டு நான் கயிற்றை இறக்குவேன், ஏற்றுவேன். கூண்டுக்குள் ஆட்கள் இருப்பார்கள் சார். ஒரு தடவைகூட நான் தப்பாக எடுத்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, மேடையில் அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவான். எங்கே நுழைவது, எங்கே விடுவது, எல்லாம் என் அடியிலிருந்து எடுத்துக்கொள்வான். கஜேந்திரன் கிண்டல் செய்வான். "பாடும்போதாவது கண்ணத் தொறடா, பொண்ணுங்க பாக்கறாங்க." செல்வின் சொல்வான், "எபி இருக்கான் இல்ல, அவன் பாத்துப்பான்."

எங்களுடையது ப்ராக்ரஸிவ் ராக். தங்கவயலில் அப்போது கிடார் சத்தம் கேட்காத தெரு கிடையாது. மற்றவர்கள் டான்ஸுக்கு வாசித்தார்கள். நாங்கள் கேட்பதற்கு வாசித்தோம். ஒரு பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் தாளம் மாறும், பாட்டு நின்றுவிட்டதோ என்று தோன்றும், திரும்ப வேறு வழியாக வரும். எங்கள் பெரிய பாட்டு 'ராக்பர்ஸ்ட்'. ஆழத்தில் பாறை தானாக வெடிப்பதைச் சுரங்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அங்கே வெடித்தால் மேலே வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரம் விழும். விழுந்ததைப் பெண்கள் எடுக்க மாட்டார்கள். யார் ஷிப்ட், யார் ஷிப்ட் என்று கேட்டுக்கொண்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அதைத்தான் பாட்டாகச் செய்தோம். ஏழில். கச்சேரி கேட்கிற பழக்கம் உண்டா உங்களுக்கு? தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. ஏழில் வாசித்தால் அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாது. ராக்பர்ஸ்ட் வந்தால் அப்படித்தானே இருக்கும்?

வார்த்தைகளும் நான்தான் எழுதினேன். 'காலத்தின் கருவறையில் கல் விழிக்கிறது.' இப்படிப் போகும். நடுவில் வார்த்தையே கிடையாது. செல்வின் வெறும் குரலால் ஒன்று பாடுவான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனும் யோசித்துச் செய்ததில்லை. அந்த இடத்தைக் கேட்டவர்கள் அதை மட்டும் திரும்பப் பாடச் சொல்வார்கள்.

இரண்டு கேசட் அப்படி வந்தது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். கஜேந்திரன் அதைத்தான் எப்போதும் கேட்பான்.

மூன்றாவது கேசட்டில்தான் எல்லாம் கெட்டது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சமயம். பெங்களூரில் ஒரு கேசட் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. அங்கே ஒரு மேனேஜர். ராக்பர்ஸ்டைப் பாதி கேட்டுவிட்டு நிறுத்தினார். சரியாக அந்த நடு இடத்துக்கு முன்னால் நிறுத்தினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டீ ஆறதுக்குள்ள பாட்டு முடியணும். கேக்கறவன் கால் ஆடணும்," என்றார். நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் செல்வின் ஒரு பாட்டோடு வந்தான். கேட்கிறீர்களா? பாட மாட்டேன், சொல்கிறேன்.

வா, உக்காரு, ஏன் லேட்டு.
சாப்டியா, தண்ணி வேணுமா.
ஜன்னல சாத்து, குளிருது.
போகாத, கொஞ்சம் இரு.

இவ்வளவுதான் சார். இதையே திருப்பித் திருப்பி, நாலில். நான் கேட்டேன், "பாட்டாடா இது?"

"தெனம் ரெஜினா கேக்கறதுதான் மச்சான்." ரெஜினா அவன் மனைவி.

"அதான் கேக்கறேன். இது பாட்டா?"

"ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனா வேற இன்னா கேப்பாங்க? கல்லு முழிச்சிக்கிச்சான்னா?"

கஜேந்திரன் கீபோர்டு மேல் தலையை வைத்துச் சிரித்தான். நான் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாட்டு பொய். என்னை யாரும் ஏன் லேட்டு என்று கேட்டதில்லை. அன்றைக்கும் வீட்டில் யாரும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எல்லோருக்கும் பொருந்தாத ஒன்றை எப்படிப் பாட்டு என்பது?

கேசட்டுக்குப் பெயரே 'ஏன் லேட்டு' என்று வைத்துவிட்டார்கள். எல்லாப் பாட்டும் குட்டிக் குட்டி. நான் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. எப்படியும் என்னைக் கூப்பிட வருவார்கள் என்று இருந்தேன். கம்பெனியில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ரிதம் மிஷின். பட்டனை அழுத்தினால் நாலு, நாலு, நாலு. அதற்கு வியர்க்காது, கோபம் வராது. பாட்டு முழுக்க அதுதான் வாசித்தது. அட்டையில் மட்டும் டிரம்ஸ் எபிநேசர் என்று போட்டார்கள். செல்வின்தான் போடச் சொன்னானாம். எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? செய்யாத வேலைக்குப் பெயர்.

இது மாலூரா? பரவாயில்லை, இன்னும் இருக்கிறது.

கேசட் வெளியீட்டுக்கு ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி வைத்தார்கள். மேடையில் மிஷினை வைத்தால் நன்றாக இருக்காது, ஆள் வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. செல்வின் என் வீட்டுக்கு வந்து நின்றான். "உன் பேரு போட்டிருக்குதுடா. நீ வராம எப்பிடி?" என்றான். போனேன். நாலில்தான் ஆரம்பித்தேன் சார். சத்தியமாக. முதல் தடவை நாலு வரியும் நாலில்தான் போயிற்று. கீழே பார்த்தால் மைதானம் முழுக்க ஆட்டம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கால். எங்களை அத்தனை பேர் பார்த்ததே இல்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? ஆடினார்கள். செல்வின் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். இவனை நான் எழுப்ப வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது சுற்றில் ஏழுக்குப் போனேன்.

அப்படியே நின்றது சார். மைதானத்தில் காலை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்தேவிட்டாள். செல்வின் 'சாப்டியா' என்று எடுத்தான், இடம் கிடைக்கவில்லை. திரும்ப எடுத்தான், கிடைக்கவில்லை. அப்போது கண்ணைத் திறந்தான். மேடையில் பாடும்போது அவன் கண்ணைத் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. நன்றி சார் அது. தூக்கத்திலிருந்து எழுப்பினால் ஒருவன் பார்ப்பானே, அது.

கம்பெனி அதோடு விட்டுவிட்டது. வேறு ஊர்களில் போட்டிருந்த நிகழ்ச்சிகளெல்லாம் ரத்து. மக்கள் தயாராக இல்லை, என்ன செய்வது? கஜேந்திரன் கீபோர்டை விற்றுவிட்டு மைத்துனன் கடையில் போய் உட்கார்ந்தான். சுரங்கத்தை மூடினார்கள். செல்வின் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்கில் இதே ரயிலில் போய்வந்தான். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். முதலில் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் அல்லவா? பிறகு கே.ஆர்.புரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

பேண்ட் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் போங்கள், ஏன் லேட்டு போடுவார்கள். ஆட்டோவில் போடுவார்கள். மிஷின் வாசித்தது. "அண்ணே, நீங்க அடிச்ச பாட்டு," என்று என்னிடமே சொல்வார்கள். நீங்கள் கேட்டிருப்பீர்கள். இல்லை? சற்று முன் நான் வரிகளைச் சொன்னபோது உங்கள் கால் ஆடியது.

போன மழைக்காலத்தில் ராக்பர்ஸ்ட் கேசட்டைப் போட்டேன். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். நாடாவெல்லாம் பூஞ்சை. டேப் ரிக்கார்டருக்குள் சுற்றிக்கொண்டு நைந்துபோய் வந்தது. கம்பெனியிடம் இல்லை. கஜேந்திரனுக்கு போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். சரி, உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்க்கலாம் என்று பார்த்தால் என் அடி முழுக்க நினைவிருக்கிறது. வார்த்தைகள் இருக்கின்றன. நடுவில் அவன் பாடுவானே, அது இல்லை. எப்படி ஆரம்பிக்கும் என்றுகூடத் தெரியவில்லை. கதவை உள்ளே சாத்திக்கொண்டு வாசித்தேன். மேளம் மட்டும் இருந்தால் அது பாட்டா சார்? ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம்.

அதைக் கேட்டு வாங்கத்தான் செல்வின் வீட்டுக்குப் போனேன். ரெஜினா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். "கேள்விப்பட்டு வந்துட்டீங்களாண்ணா," என்றாள். நான் என்ன கேள்விப்பட்டேன்? கேசட் போனதற்காக வந்தவன். உள்ளே கட்டிலில் கிடக்கிறான் செல்வின். பக்கவாதம். வலது கை கால் விளங்கவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. ரெஜினா என்ற பெயரைக்கூடச் சொல்ல வராது.

ஆனால் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். பாடினான்.

வா, உக்காரு, ஏன் லேட்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். அத்தனை வருஷம் கழித்து வாசல்படி ஏறியவனை அதே பாட்டைப் பாடிக் குத்துகிறான். நான் காட்டிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்னப் பெண். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போகாது, மண்டைக்குள் அது வேறு இடம் என்று அவள்தான் ரெஜினாவுக்குச் சொல்லியிருக்கிறாள். இவனுக்குத் தங்கியது ஏன் லேட்டு. நாலு வரி. அதை வைத்துத்தான் வீடு நடக்கிறது. தாகம் எடுத்தால் தண்ணி வேணுமா என்று பாடுகிறான், ரெஜினா கொண்டுவருகிறாள். அவள் அடுப்படியிலேயே நின்றால் சாப்டியா என்று பாடுகிறான், அவள் இன்னும் இல்லை என்கிறாள். குளிருது என்றால் ஜன்னலைச் சாத்துகிறாள். இடது கையால் போர்வையில் நாலு தட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான். பாட்டை மெள்ள மெள்ளப் பேச்சாக மாற்றலாம், தாளத்தை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள் என்று அந்தப் பெண் சொல்லிவைத்திருக்கிறாள். இருபது வயதுப் பெண்ணுக்குத் தாளத்தைப் பற்றி என்ன தெரியும்?

நான் வாரா வாரம் போனேன். ரெஜினாவுக்குச் சந்தோஷம். "நீங்க வந்தா அவரு மொகமே வேறண்ணா," என்பாள். எனக்கு வேண்டியது அந்த நடு இடம். காதருகே ராக்பர்ஸ்ட் வரிகளைச் சொல்லிப் பார்த்தேன். கல் விழிக்கிறது, கல் விழிக்கிறது என்று. ரெஜினா கேட்டாள், "இத வச்சிக்கினு ஒரு மனுஷன் தண்ணி கேக்க முடியுமாண்ணா?" அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. செல்வின் என்ன சொன்னாலும் அந்தப் பாட்டுதான். நான் எழுந்தால் உடனே, போகாத, கொஞ்சம் இரு. கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடப்பேன்.

போன வாரம் குச்சிகளை எடுத்துப் போனேன். இதோ, இந்தப் பையில் இருப்பவைதான். கட்டில் இரும்புக் கட்டில். அதன் கம்பியில் நாலில் வாசித்தேன். அவனுக்கு எப்படி மலர்ந்தது முகம். கண்ணை மூடிக்கொண்டான். முழுப் பாட்டையும் பாடினான், அடுத்தடுத்து, சுத்தமாக. 'எபி' என்றுகூட நடுவில் ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. ரெஜினா கதவருகே வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நன்றாக வரும்போது இன்னும் கொஞ்சம் தள்ளினால் பழைய பாட்டின் பக்கம் திறந்துவிடும் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் பட்டிருக்கும் சார்.

ஏழுக்குப் போனேன்.

சாப், என்று எடுத்தான். நின்றான். சாப், சாப். போர்வையில் கை நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அதே பார்வை. அந்த மைதானத்தில் பார்த்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. பழைய பாட்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று நான் இன்னும் பலமாக அடித்தேன். ரெஜினா ஓடிவந்து குச்சியோடு சேர்த்து என் கையைப் பிடித்தாள். நல்ல பலம். "போதும்ண்ணா. போதும்," என்றாள்.

நான் கிளம்பினபோது அவன் போகாத என்று பாடவில்லை.

நேற்று போன் செய்தாள். அன்றிலிருந்து அவன் வாயே திறக்கவில்லையாம். அவள் பாடினாலும் சேர்ந்துகொள்வதில்லை. கேசட்டைப் போட்டாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று அவன் முகத்தைப் பார்த்து அவள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சின்னப் பெண் சொல்கிறாளாம், அடித்தவர் வந்து திரும்பச் சரியாக அடித்தால் ஒருவேளை நம்பிக்கை வரலாம் என்று. ரெஜினா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மிஷின் அடிச்ச மாதிரி அடிங்கண்ணா. ஒண்ணும் கூடக் கொறைய வேணாம். அவரு பேசட்டும். அதுக்கப்புறம் நீங்க வர வேணாம்."

மிஷின் அடித்த மாதிரி. என்னிடம் சொல்கிறாள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் குரல் போனால் அந்த நடு இடமும் போய்விடும். உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை சார் அது. அவன் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் முதலில் அவன் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு நான் நாலில் அடிக்க வேண்டும். ராத்திரியெல்லாம் தலையணையில் அடித்துப் பார்த்தேன். வருகிறது, வருகிறது, கொஞ்சம் கவனம் தப்பினால் கை தானாகப் போய்விடுகிறது. கூண்டு இறக்கிய கை சார் இது. ஒருநாளும் தப்பாத கை.

ஒயிட்ஃபீல்ட் போய்விட்டதா? எப்போது போனது?

ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் மடியில் இருக்கும் அந்த டிபன் பாக்ஸ் மூடியில் நாலு தட்டுங்கள். மெதுவாகத்தான். யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் பார்க்கட்டும். ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஆமாம், அப்படித்தான். உங்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. நிறுத்தாதீர்கள், நான் சேர்ந்துகொள்கிறேன். வா, உக்காரு, ஏன் லேட்டு. சாப்டியா, தண்ணி வேணுமா. பார்த்தீர்களா, வருகிறது. ஜன்னல சாத்து, குளிருது.

நீங்கள் இறங்கி என்னோடு வர முடியுமா? ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். நீங்கள் இந்த மூடியில் தட்டுங்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறேன். முடியாது, ஆபீஸ் இருக்கிறது. தெரியும். கேட்டுப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேகம் குறைகிறது, வந்துவிட்டது. அந்தப் பையைக் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, நாலில்தான் அடிப்பேன். அவன் கண்ணை மூடிப் பாட ஆரம்பிக்கிறவரைக்கும் நாலு. முழுப் பாட்டும் ஒரு தடவை போகட்டும், இரண்டு தடவை போகட்டும், ரெஜினா அடுப்படிக்குப் போகட்டும். அதற்குப் பிறகு, அவன் நன்றாக, நிம்மதியாகப் பாடிக்கொண்டு இருக்கும்போது, நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் ஏழு போட்டுப் பார்த்துவிட்டு உடனே நாலுக்கு வந்துவிட்டால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? அவன் கண்ணை மூடிக்கொண்டுதானே பாடுவான்.